பழைய தியேட்டரை இசை அரங்கமாக மீட்பது: வேலையை எங்கே தொடங்குவது?

திருநெல்வேலிப் பக்கம் மூடிக் கிடக்கும் பழைய தியேட்டரை, லாப நோக்கமில்லாமல் கச்சேரி அரங்கமாக்க எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். நாகஸ்வர மேதை காருகுறிச்சி அருணாசலம் பிறந்த மண்ணில் இது அவசியம் நடக்க வேண்டிய காரியம்.

முதலில் குத்தகை. கட்டடம் வேறொருவர் பெயரில் இருந்தால், நீண்டகாலக் குத்தகையைப் பதிவு செய்யாமல் ஒரு ரூபாய்கூட வசூலிக்காதீர்கள். அறக்கட்டளைப் பதிவு, அறக்கட்டளைக்கு வருமான வரி விலக்கு, நன்கொடை தருபவர்களுக்கு வரிச் சலுகை (1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 12ஏபி, 80ஜி) எல்லாம் ஒரு நல்ல ஆடிட்டர் பார்த்துக்கொள்வார். கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காக ஒதுக்கும் சிஎஸ்ஆர் பணம் வேண்டுமென்றால் சிஎஸ்ஆர்-1 படிவமும் வேண்டும்.

அப்புறம் கூரை. நமக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அதற்குள் ஒழுகலை நிறுத்திவிடுங்கள். மேடைக்கும் நாற்காலிக்கும் நன்கொடை எளிதில் வரும், கூரைக்கு வராது. அதனால் இன்னதற்கென்று குறிப்பிடாமல் வரும் நன்கொடையைக் கூரைக்கே ஒதுக்குங்கள்.

சுவரை ஆணியால் கீறிப் பாருங்கள். உள்ளே சுண்ணாம்புச் சாந்து இருந்தால் மேலே சிமெண்ட் பூசவே கூடாது. ஈரம் வெளியேற வழியின்றி உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாக உதிரும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடியுங்கள்.

ஒலிக்கு, பூச்சு முடியும் முன்பே நாகஸ்வரமும் தவிலும் வாசிக்கச் சொல்லி, கடைசி வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள். பிறகு ஒரு வீணை. முன்னது இரைச்சலாகக் குழம்பும், பின்னது எட்டாமல் போகும். ஆள் நிறைந்தால் எதிரொலி குறையும் என்பதையும் கணக்கில் வையுங்கள். சுவரில் கழற்றி மாட்டும் கனத்த திரைகள் இருந்தால் இரண்டுக்கும் ஏற்றபடி மாற்றலாம். தீயணைப்புத் துறைச் சான்றுக்கும் கட்டட உரிமத்துக்கும் என்னென்ன வேண்டும் என்று வரைபட நிலையிலேயே விசாரித்துவிடுங்கள்.