இண்டிபென்டன்ட் பாட்டிலர் வெளியிடும் ஷெர்ரி ஃபினிஷ் சிங்கிள் மால்ட்டை (ஒரே டிஸ்டிலரியின் மால்ட் விஸ்கி) நம்பி வாங்கலாமா? லேபிளில் எதைப் பார்க்க வேண்டும்?

தாராளமாக வாங்கலாம். ஆனால் ‘ஷெர்ரி’ (ஸ்பெயின் நாட்டு ஒயின் வகை) என்று பெரிதாகப் போட்டிருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பின் லேபிளில் இரண்டு பீப்பாய்களின் கதையும் இருக்கிறதா என்று பாருங்கள்: முதலில் எதில் கிடந்தது, பிறகு எந்த ஷெர்ரி பீப்பாயில் எத்தனை மாதம் இருந்தது. இதைச் சொல்லாத பாட்டிலுக்கு நான் கூடுதல் விலை கொடுக்கச் சொல்ல மாட்டேன்.

கார்டன் அண்ட் மெக்ஃபேல் (1895), கேடன்ஹெட் (1842), சிக்னேட்டரி (1988) போன்ற ஸ்காட்லாந்து இண்டிபென்டன்ட் பாட்டிலர்கள் பிற டிஸ்டிலரிகளின் சரக்கைப் பீப்பாயாக வாங்கித் தங்கள் பெயரில் பாட்டிலில் அடைத்து வந்தவை. பெயரைப் போட டிஸ்டிலரி அனுமதிக்காவிட்டால் ‘சீக்ரெட் ஆர்க்னி’, ‘சீக்ரெட் ஸ்பேசைட்’ என்று வரும், அதில் தவறில்லை. வேறொரு டிஸ்டிலரியின் மால்ட்டை ஒரு ஸ்பூன் அளவு கலந்து விற்பதும் உண்டு. அப்போது சட்டப்படி அது சிங்கிள் மால்ட் அல்ல, பிளெண்டட் மால்ட். லேபிளில் அந்த ஒரு வார்த்தையைக் கவனித்தால் போதும்.

ஃபினிஷ் என்றால், பெரும்பாலும் போர்பன் (அமெரிக்க விஸ்கி) இருந்த பீப்பாயில் பல வருடம் முதிர்ந்த விஸ்கியைக் கடைசியாக ஷெர்ரி பீப்பாய்க்கு மாற்றுவது. பால்வெனி டிஸ்டிலரியில் டேவிட் ஸ்டூவர்ட் 1980-களில் இதைச் செய்து காட்டிய பிறகுதான் முறை பரவியது. வழக்கமாக ஆறு மாதம் முதல் இரண்டு வருடம். ஃபினிஷ் காலமும் வயதில் சேரும். அதனால் ‘12 வருடம், ஷெர்ரி’ என்றால் 12 வருடமும் ஷெர்ரியில் இருந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ‘மெச்சூர்ட்’ என்பதும் ‘ஃபினிஷ்ட்’ என்பதும் வேறு வேறு.

பாட்டில் எண்ணிக்கையும் நிறையச் சொல்லும். ஹாக்ஸ்ஹெட் எனும் பீப்பாய் சுமார் 250 லிட்டர். வருடத்துக்கு 2 சதவீதம் ஆவியாகிறது என்று வைத்தால் 12 வருடத்தில் 195 லிட்டர் அளவில் மிஞ்சும், 700 மி.லி. கணக்கில் 280 பாட்டில். ஆகவே ‘சிங்கிள் காஸ்க் (ஒரே பீப்பாய்), 600 பாட்டில்’ என்று இருந்தால், இரண்டு மூன்று ஹாக்ஸ்ஹெட் சரக்கை 500 லிட்டர் ‘பட்’ எனும் பெரிய பீப்பாய் ஒன்றில் சேர்த்து ஃபினிஷ் செய்திருக்கலாம், அல்லது தொடக்கம் முதலே பட்டில் இருந்திருக்கலாம். எண்பது சொச்சம் பாட்டில்தான் என்றால் ஆக்டேவ் எனப்படும் 60 லிட்டர் அளவுச் சின்னப் பீப்பாயாக இருக்கக்கூடும். அதில் மரம் வேகமாக இறங்கும். சில மாதமே போதும், கொஞ்சம் தாமதித்தாலும் துவர்ப்பு ஏறிவிடும்.

எந்த ஷெர்ரி என்பது அடுத்தது. ஓலோரோஸோ என்றால் வால்நட், காய்ந்த ஆரஞ்சுத் தோல், கிராம்பு வாசனை. பெட்ரோ ஹிமெனெஸ் என்றால் உலர்திராட்சை, பேரீச்சை, கருப்பட்டிப் பாகு. பலவீனமான விஸ்கியை மூடி மறைக்க இரண்டாவதுதான் வசதி என்பதால் அதில் கூடுதல் கவனம் தேவை. இன்றைய ஷெர்ரி பீப்பாய்களில் பெரும்பாலானவை பழைய ஷெர்ரிக் கிடங்கில் ஓய்வு பெற்றவை அல்ல. விஸ்கிக்காகவே புதிதாகச் செய்து, ஒன்றிரண்டு வருடம் ஷெர்ரி ஊற்றிப் பதப்படுத்தியவை. இதை மோசடி என்று சொல்வோர் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை. நன்றாகப் பதப்படுத்திய பீப்பாய் அருமையாக வேலை செய்யும்.

கெட்டுப்போவது எங்கே? ஒன்று, கந்தகம். காலிப் பீப்பாயில் பூஞ்சை பிடிக்காமலிருக்கக் கந்தகம் எரிப்பார்கள். அது அதிகமானால் எரிந்த தீக்குச்சி, ரப்பர் வாசனை வரும். தீக்குச்சி வாசனை கிளாஸில் கால் மணி நேரத்தில் குறையக்கூடும், ரப்பர் லேசில் போகாது. இன்னொன்று, ஒட்டாமை: நாக்கில் முதலில் இனிப்பு, உடனே அதன் கீழிருந்து இளம் ஸ்பிரிட்டின் எரிச்சல், நடுவில் ஒன்றுமே இல்லை. அவசரமாக ஃபினிஷ் செய்ததன் அடையாளம் இது. ஸ்பிரிட்டின் கனமும் முக்கியம். மார்ட்லாக், பென்ரினஸ், கிரெய்கெல்லாக்கி போன்ற டிஸ்டிலரிகளின் கனமான ஸ்பிரிட்டுகள் ஷெர்ரியைத் தாங்கும். காவ்லீலாவின் புகையும் ஷெர்ரியும் அபாரமாகச் சேரும். லிங்க்வுட் போன்ற பூ வாசனை கொண்டதை முதல் முறையாக விஸ்கி நிரப்பும் ஷெர்ரி ‘பட்’ ஒன்றில் நீண்ட நாள் வைத்தால் லிங்க்வுட் காணாமல் போய்விடும்.

நிறத்தை நம்ப வேண்டாம். ஸ்காட்ச்சில் கேரமல் நிறமி (ஈ150ஏ) சேர்க்கச் சட்டம் அனுமதிக்கிறது. நல்ல பாட்டிலர்கள் ‘நேச்சுரல் கலர்’ என்று எழுதிவிடுவார்கள். ஜெர்மன் லேபிளில் ‘ஃபார்ப்ஷ்டொஃப்’ என்ற சொல் இருந்தால் நிறமி சேர்த்தது. ஆல்கஹால் 46 சதவீதமும் அதற்கு மேலும், சில் ஃபில்டர் (குளிரவைத்து வடிகட்டுதல்) செய்யாதது என்றால் நல்லது. தண்ணீர் விட்டதும் லேசாகக் கலங்கினால் அது குறையல்ல, கொழுப்பு அமில எஸ்டர்கள்தான்.

காஸ்க் ஸ்ட்ரெங்த்தை (தண்ணீர் கலக்காமல் பீப்பாயில் இருந்த வலிமையிலேயே அடைத்தது) முதலில் அப்படியே முகர்ந்து, ஒரு மிடறு எடுங்கள். பிறகு 58 சதவீத விஸ்கி 30 மி.லி.க்கு ஒரு டீஸ்பூன், அதாவது 5 மி.லி. தண்ணீர், கிட்டத்தட்ட 50 சதவீதத்துக்கு இறங்கும். மொத்தம் 8 மி.லி. விட்டால் 46. ஷெர்ரி ஃபினிஷில் அதற்கு மேல் போனால் மரத்தின் கசப்பு மட்டும் தனியாக நிற்கும், எனவே சொட்டுச் சொட்டாகவே விடுங்கள். ஐஸ் போட்டால் வாசனை அடங்கிவிடும்.

பாட்டிலை வெயில் படாத அலமாரியில் நிமிர்த்தியே வையுங்கள்; படுக்க வைத்தால் ஆல்கஹால் கார்க்கை அரித்துவிடும். மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கியதும் சின்னக் கண்ணாடி பாட்டிலுக்கு மாற்றினால் ஷெர்ரி வாசனை தட்டையாகாமல் இன்னும் சில மாதம் தாங்கும்.