பெயர்ப் பட்டியலை எழுதியது யார்?

கேள்வி: மீத்திறன் குழந்தைகளை ஆராய்ந்து, அறிவுக்கூர்மைக்கான மரபணுவைக் கண்டுபிடித்துவிட்டதாக அவ்வப்போது செய்தி வருகிறதே, நம்பலாமா?

பதில்: அவசரப்பட்டு நம்பிவிடாதீர்கள். முப்பது ஆண்டுகள் புள்ளியியல் கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தக் குழந்தைகளை யார், எப்படிப் பொறுக்கி எடுத்தார்கள் என்று முதலில் பாருங்கள்.

அமெரிக்க உளவியலாளர் லூயிஸ் டெர்மன் மீத்திறன் குழந்தைகளைப் பற்றி 1921இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய புகழ்பெற்ற ஆய்வில் ஏறத்தாழ 1,500 குழந்தைகள் இருந்தார்கள். வகுப்பாசிரியரிடம் ஒரு படிவம் போகும். வகுப்பிலேயே கெட்டிக்காரப் பிள்ளை யார், அடுத்தது யார், வயதில் இளைய பிள்ளை யார் என்று எழுத வேண்டும். பெரும்பாலும் அப்படிப் பெயர் எழுதப்பட்டவர்களுக்குத்தான் நுண்ணறிவுத் தேர்வு. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர், நடுத்தர வர்க்கத்தினர். தேர்வு எழுதியும் சேர்த்துக்கொள்ளப்படாத வில்லியம் ஷாக்லி 1956இலும், லூயிஸ் அல்வாரெஸ் 1968இலும் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார்கள்.

வேலையில் சேர்ந்த புதிதில் நானும் இப்படியொரு படிவத்தை நிரப்பியிருக்கிறேன். சட்டென்று கை உயர்த்தும் பிள்ளைகளின் பெயர்களே நினைவுக்கு வந்தன. கடைசி வரிசையில் ஒரு சிறுமி இருந்தாள். கணக்கைப் போட்டு முடித்ததும், தாளின் ஓரத்தில் பென்சிலால் வேறொரு வழியிலும் போட்டுப் பார்த்துவிட்டு அழித்துவிடுவாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் அழித்த தடம் தெரியும். அவள் பெயரை நான் எழுதவில்லை. இன்றும் அது உறுத்துகிறது.

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ஒரு பெரிய பள்ளி மாவட்டம் 2005 முதல் சில ஆண்டுகள், ஆசிரியர், பெற்றோர் பரிந்துரைக்குக் காத்திராமல் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவரையும் சோதித்துப் பார்த்தது. மீத்திறன் வகுப்புகளில் ஏழை, கறுப்பின, ஹிஸ்பானியப் பிள்ளைகளின் எண்ணிக்கை கணிசமாக உயர்ந்தது. பிள்ளைகளின் மரபணு அதே மரபணுதான், சல்லடைதான் மாறியது.

இப்போது யோசித்துப் பாருங்கள். பழைய சல்லடையில் தேறியவர்களையும் பொதுமக்களையும் ஒப்பிட்டு, ஒரு மரபணு வடிவம் முதல் குழுவில் அதிகம் என்கிறார்கள். அது அறிவைக் காட்டுகிறதா, வம்சாவளியையும் வீட்டு வசதியையும் காட்டுகிறதா? வம்சாவளி வேறுபாட்டைக் கணக்கில் ஓரளவு சரிசெய்ய முடியும், நல்ல ஆய்வாளர்கள் செய்கிறார்கள். பட்டியலுக்கே வராத அந்தச் சிறுமியை எந்தக் கணக்கு கொண்டுவரும்?

குழு சிறியதாக இருந்தால் தற்செயலும் சேர்ந்து ஏமாற்றும். 1998இல் நடத்தை மரபியல் ஆய்வாளர் ராபர்ட் ப்ளோமின் குழுவினர் ஆறாவது குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவுக்கு உயர் அறிவுத்திறனோடு தொடர்பு இருப்பதாக அறிவித்தார்கள். ஒப்பிட்ட குழு ஒவ்வொன்றிலும் ஐம்பது பேர் அளவில்தான். 2002இல் அவர்களே வேறு குழந்தைகளிடம் தேடியபோது அந்தத் தொடர்பு கிடைக்கவில்லை. அதையும் வெளியிட்டார்கள், அந்த நேர்மைக்குத் தலைவணங்குகிறேன். முதல் செய்தியைப் படித்த அத்தனை பேரையும் இரண்டாவது செய்தியும் எட்டியிருக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.