முத்திரை குத்துவதால் யாருக்கு வேலை மிச்சம்?

"படித்தவர்கள்கூட ஓர் ஆளையோ ஒரு கூட்டத்தையோ பார்த்ததும் முத்திரை குத்திவிடுகிறார்களே, இந்தப் பழக்கம் ஏன் ஒழிய மாட்டேன் என்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதற்கு அறியாமைதான் காரணம், படிப்பு வந்தால் சரியாகிவிடும் என்று சொல்வது வழக்கம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சேலத்தில் மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். என் மேசைக்கு எதிரே வந்து உட்காருகிறவர்களில் பாதிப் பேர் ஏதோ ஒரு முத்திரையால் அடிபட்டவர்கள். அதைக் குத்தியவர்கள் பெரும்பாலும் நன்றாகப் படித்தவர்கள். நான் பார்த்த வரையில், ஒரு முத்திரை நிலைப்பதற்குக் காரணம் அதனால் யாரோ ஒருவருக்கு வேலை மிச்சமாவதுதான். விசாரிக்க வேண்டியவர் விசாரிக்காமல் முடிவெடுக்கலாம், வீடு கொடுக்காதவர் காரணம் சொல்லாமல் இருக்கலாம். இந்த வசதி இருக்கும்வரை பழக்கமும் இருக்கும்.

ஆத்தூர்ப் பக்கமிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். கூடை, முறம் பின்னி விற்கிறவர். முந்தின நாள் இரவு அவர் வீட்டுக்காரரைப் போலீஸ் கூட்டிப் போயிருந்தது. "என்ன கேசுன்னு சொல்லலீங்க சார். எந்த ஊர்ல நகை போனாலும் ஜீப்பு நேரா எங்க தெருவுக்குத்தான் வருது" என்றார். மனுவில் பெயர், தகப்பனார் பெயர், முகவரி எல்லாம் எழுதி, சமூகம் என்ற இடத்துக்கு வந்ததும் கையை நீட்டித் தடுத்தார். "அத மட்டும் போடாதீங்க சார். போட்டா படிக்காமலே மூடி வெச்சிருவாங்க."

அவர் குறவர் சமூகம். அவருடைய அச்சத்துக்குப் பின்னால் நூறு வருடத்துக்கும் மேலான வரலாறு இருக்கிறது. குறவர்களில் ஒரு பிரிவான உப்புக் குறவர்கள் கடற்கரையிலிருந்து உப்பை மாட்டிலும் கழுதையிலும் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுவந்து, தானியமாக மாற்றிக்கொண்டு போன வணிகர்கள். அரசாங்கம் உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. 1860களின் தொடக்கத்தில் சேலத்துக்கு ரயில் வந்தது, உப்பு மூட்டை ரயிலேறிவிட்டது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம் சேலம் ஜில்லாவைப் போட்டு வாட்டியது. 1882 வனச் சட்டம் வந்த பிறகு மூங்கில் வெட்டவும் கெடுபிடி. பிழைப்பைப் பறிகொடுத்து ஊர் ஊராக அலைந்தவர்களைப் பார்த்து வெள்ளைக்கார அதிகாரிகள், இவர்கள் பிறவியிலேயே குற்றவாளிகள் என்று எழுதி வைத்தார்கள். வடக்கே 1871-ல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கு 1911-ல் நீண்டது. சனங்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். பதிவேட்டில் பெயர் ஏறினால் கைரேகை வைக்க வேண்டும். இரவில் வெளியூரில் தங்க வேண்டுமானால் அனுமதிச் சீட்டு வேண்டும். இதே சட்டத்தில் சிக்கி அதை எதிர்த்த மதுரைப் பக்கத்துப் பிரமலைக் கள்ளர்களை 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண்ணும் அதில் செத்தார்.

யோசித்துப் பாருங்கள், இதை எழுதியவர்கள் எழுதப் படிக்கத் தெரியாதவர்களா? மெத்தப் படித்தவர்கள். ஒவ்வொரு திருட்டையும் துப்புத் துலக்குவது கடினம். ஒரு சாதியை மொத்தமாகப் பதிவேட்டில் ஏற்றி, ராத்திரி ராத்திரி ஆள் கணக்கு எடுப்பது சுலபம். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-ல் போனது, நாடு முழுக்க 1952-ல் போனது. ஆனால் வழக்கமான குற்றவாளிகள் என்ற பெயரில் வேறு சட்டம் வந்தது. ஜீப்பும் அதே தெருவுக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறது.

"சரி, அப்படியானால் எல்லா முத்திரையையும் தூக்கிப் போட்டுவிடலாமே, சாதிச் சான்றிதழால்தான் சாதி வளர்கிறது" என்று வசதியாக இருப்பவர்கள் உடனே சொல்வார்கள். எனக்கு இதைக் கேட்டால் கோபம் வரும். மனுவில் சமூகத்தின் பெயரே வேண்டாம் என்ற அந்த அம்மா, அடுத்து மகனின் கல்லூரிச் சேர்க்கைக்கு வந்தபோது அதே பெயர் ஓர் எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும் என்றார். சரியாகத்தான் சொன்னார். குற்றப் பரம்பரைச் சட்டத்திலிருந்து விடுபட்ட சமூகங்களுக்கான சீர்மரபினர் பட்டியலில் ஆத்தூர் கீழ்நாட்டுக் குறவர், ஆத்தூர் மேல்நாட்டுக் குறவர், சேலம் உப்புக் குறவர் என்று தனித்தனியாக இருக்கிறது. வெறுமனே குறவன் என்றால் அது பட்டியல் சாதியில் வரும். நரிக்குறவர்கள் இவர்களோடு சம்பந்தமே இல்லாத, வேறு மொழி பேசுகிற மக்கள். 2023-ல்தான் அவர்கள் பழங்குடிப் பட்டியலுக்கு வந்தார்கள். தெருவில் போகிறவருக்கு இவர்கள் எல்லோரும் ஒன்று. திட்டுவதற்கு அந்த ஒரு சொல் போதும், ஒரு பையன் ஹாஸ்டலில் சேருவதற்குப் போதாது.

அரசாங்கமும் இவர்களைப் பெயர் மாற்றி மாற்றி அலைக்கழித்திருக்கிறது. 1979-ல் சீர்மரபுப் பழங்குடியினர் என்பதைச் சீர்மரபு வகுப்பினர் என்று ஆக்கினார்கள். 2019-ல் மாநிலத் தேவைக்கு ஒரு சான்றிதழ், மத்திய அரசுத் தேவைக்கு இன்னொன்று என்றார்கள். 2024-ல் ஒரே சான்றிதழ் என்று அறிவித்தார்கள். 68 சமூகங்களின் பிள்ளைகள் ஒவ்வொரு முறையும் வரிசையில் நின்றார்கள்.

மலையிலும் இதே கதை. ஏற்காட்டுச் சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கு வீட்டு மொழி தமிழ்தான், அவர்களுக்கும் கேரளத்துக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. சேலம் மாவட்டத்தில் அவர்கள் பழங்குடியினர், ஏற்காடு தொகுதியே பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது. அதே மக்கள் ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் இருந்தால் அந்த உரிமை கிடையாது. காட்டுக்குள் கூலிக்குப் போகிற மலைக்காரன் என்றால் கடத்தல்காரன் என்ற முத்திரை மட்டும் எந்த மாவட்டத்துக்குப் போனாலும் கூடவே வரும். 2015 ஏப்ரல் 7-ல் ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லிப் போலீஸ் 20 பேரைச் சுட்டதே, அதில் ஜவ்வாது மலையிலிருந்தும் சித்தேரி மலையிலிருந்தும் போன மலையாளிகள் பலர். மரம் வெட்டிகள் என்ற ஒரு சொல்லுக்கு மேல் பலர் விசாரிக்கவில்லை.

நம் காலத்து முத்திரையையும் சொல்லிவிடுகிறேன். கொலுசுப் பட்டறையிலும் மில்லிலும் ஓட்டலிலும் வேலை செய்யும் பீகார், ஒடிசா, வங்காளப் பையன்களை மொத்தமாக "வடக்கன்" என்கிறோம். அதில் ஒருவன் தப்புச் செய்தால் எல்லோரும் செய்ததாகக் கணக்கு. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் வடவர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. அங்கே அவர்கள் சொந்தங்களுக்கு நாம் எல்லோரும் அடிக்கிற கூட்டமாகத் தெரிந்தோம். பயந்துபோய் ஊருக்கு ரயில் ஏறியவர்கள் எத்தனையோ பேர். இத்தனைக்கும் சேலத்தின் நெசவுப் பேட்டைகளில் தலைமுறை தலைமுறையாக வாழும் சௌராஷ்டிரர்களின் முன்னோர்கள் குஜராத் பக்கத்திலிருந்து வந்தவர்கள். இன்று அவர்களை யாராவது வெளியூர்க்காரர் என்பார்களா?

இந்த ஊருக்கு ஒரு பெருமையும் உண்டு. 1944 ஆகஸ்ட் 27-ல் இங்கே நடந்த மாநாட்டில்தான் நீதிக்கட்சி திராவிடர் கழகமானது. அன்று நிறைவேறிய அண்ணாதுரை தீர்மானம் ராவ் பகதூர், சர் போன்ற வெள்ளைக்காரன் கொடுத்த பட்டங்களைத் துறக்கச் சொன்னது, பெயருக்குப் பின்னால் சாதியைப் போடுவதையும் விடச் சொன்னது. மேலிருப்பவர்களின் முத்திரையில்தான் முதலில் கை வைத்தார்கள். எனக்கு அந்த வரிசை மிகவும் பிடிக்கும். நம் பெயர்களிலிருந்து சாதி போனது சின்ன சாதனை இல்லை. ஆனாலும் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் கதவைத் திறக்கும் முன்பே "நீங்க எந்த ஆளுங்க?" என்ற கேள்வி வருகிறது. அந்தக் கேள்வியால் வீட்டுக்காரருக்கு மிச்சமாவது, எதிரே நிற்கும் மனிதரைத் தெரிந்துகொள்ளும் சிரமம்.

ஆகவே மனசு மாறட்டும் என்று காத்திருப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. முத்திரையைப் பயன்படுத்துகிறவருக்கு அது வேலை மிச்சமாக இல்லாமல், பதில் சொல்லியாக வேண்டிய சுமையாக மாற வேண்டும். அதற்கு இப்போது ஒரு பிடி கிடைத்திருக்கிறது. சிறைகளில் சாதி பார்த்து வேலை கொடுப்பது, சாதி பார்த்துப் பிரித்து அடைப்பது பற்றிய வழக்கில் 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் பாளையங்கோட்டைச் சிறையும் அந்த வழக்கில் பேசப்பட்டது. கைதிகள் பதிவேட்டில் சாதிக்கான கட்டத்தையே எடுக்கச் சொன்னது நீதிமன்றம். சீர்மரபினரைக் கண்டபடி கைது செய்யக் கூடாது, கைதுக்கான வழிமுறைகளைப் போலீஸ் பின்பற்ற வேண்டும் என்றும் சொன்னது.

இப்போதெல்லாம் இப்படிப்பட்ட மனுக்களில் அந்தத் தீர்ப்பின் தேதியை முதல் பக்கத்திலேயே எழுதுகிறேன். சமூகத்தின் பெயரையும், வந்தவர்கள் சம்மதித்தால், அதன் பக்கத்திலேயே போடுகிறேன். உங்களுக்குத் தெரிந்த யாருக்காவது இது நடந்தால், எத்தனை மணிக்கு, எந்த வண்டியில், யார் வந்து கூட்டிப் போனார்கள், கைதுக்கான காரணத்தைச் சொன்னார்களா, உறவினருக்குத் தகவல் கொடுத்தார்களா என்பதை அன்றைக்கே எழுதி வைக்கச் சொல்லுங்கள். மனு மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கும் ஒரே நாளில் பதிவுத் தபாலில் போகட்டும், ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும்.