வாடகை வீட்ல லைசென்ஸ் துப்பாக்கி, ஓனர் காலி பண்ணச் சொல்றாரு, என்ன பண்றது?

கேள்வி: நான் எக்ஸ் மிலிட்டரி, சொந்த ஊர் கம்மவான்பேட்டை. இப்ப வேலூர்ல பேங்க் கன்மேன். சத்துவாச்சாரில வாடகைக்கு வந்து எட்டு மாசம் ஆச்சு, அக்ரிமெண்ட் இருக்கு, வாடகை பாக்கி இல்ல. டபுள் பேரல் என் பேர்ல லைசென்ஸ், புக்ல ஊர் அட்ரஸ் தான். போன வாரம் நான் சிஎம்சி போயிருந்தப்ப ஓனர் வந்து என் மனைவிகிட்ட "துப்பாக்கிய குடும்மா, கீழ என் பீரோல பூட்டி வைக்கிறேன்"னு கேட்டிருக்கார், அவ குடுக்கல. இப்ப மாசக் கடைசில காலி பண்ணுங்கறார். எனக்கு உரிமை இல்லையா? திருடன் வந்தா சுடலாமா?

பதில்: அண்ணா, முதல்ல அண்ணிக்கு என் நன்றிய சொல்லுங்க. அன்னிக்கு அவங்க மட்டும் குடுத்திருந்தா, லைசென்ஸ் இல்லாத ஒருத்தர் பீரோல துப்பாக்கி, அதுக்கு ஆயுதச் சட்டத்தோட 2019 திருத்தத்துக்கு அப்புறம் குறைஞ்சது ரெண்டு வருஷம், அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில். நல்லெண்ணத்துல பூட்டி வெச்சேன்னு ஓனர் சொன்னாலும் கேஸ் கேஸ்தான், கைமாத்தி விட்டதுக்கு உங்களுக்கும் வம்பு. துப்பாக்கி இருக்கற உங்க பீரோ சாவி உங்ககிட்டயே இருக்கட்டும், வீட்ல கூட குடுக்காதீங்க, தோட்டாவ தனியா வையுங்க.

உரிமைன்னு கேட்டீங்களே, நம்ம நாட்டுல ஆயுதம் வெச்சுக்கறது அடிப்படை உரிமை கிடையாது. கூட்டம் கூடற உரிமைய குடுக்கற இடத்துலயே அரசியலமைப்பு "ஆயுதமின்றி"ன்னு தான் எழுதியிருக்கு. லைசென்ஸ்ங்கறது அரசாங்கம் உங்களுக்கு குடுத்த அனுமதி, அது ஓனர கட்டுப்படுத்தாது. வீடு விடறதுக்கு முன்னாடியே "துப்பாக்கி கூடாது"ன்னு அவர் சொல்லியிருந்தா அது அவர் இஷ்டம், நீங்க வேற வீடு பாத்திருப்பீங்க. ஆனா அக்ரிமெண்ட்ல இல்லாத ஒரு கண்டிஷன நடுவுல கொண்டு வந்து வெளிய போன்னா அது செல்லாது. 2017 வாடகைச் சட்டப்படி காலி பண்ண வைக்க, ரெண்டு மாச வாடகை பாக்கி, உள்வாடகை, வீட்ட தப்பா பயன்படுத்தறது மாதிரி காரணம் வேணும், அதையும் வாடகை கோர்ட் முன்னாடி நிரூபிக்கணும். கரண்ட், தண்ணிய கட் பண்ணக்கூடாது. வீட்டுக்குள்ள வரணும்னா 24 மணி நேரம் முன்னாடி எழுத்துல சொல்லணும். ஒண்ணு பாருங்க, அந்த அக்ரிமெண்ட் வாடகை அத்தாரிட்டில, அதாவது அந்தச் சட்டப்படி அக்ரிமெண்ட பதிவு பண்ற அதிகாரிகிட்ட, பதிவு ஆயிருக்கான்னு. ஆகலன்னா அதுவே அவருக்கு ஒரு பிடி.

எனக்கு உண்மையிலயே கவலையா இருக்கறது உங்க லைசென்ஸ் புக்கு தான். எட்டு மாசமா சத்துவாச்சாரில இருந்துகிட்டு புக்ல கம்மவான்பேட்டைன்னு இருந்தா எப்படிண்ணா? வீடு மாறினா 30 நாளுக்குள்ள தெரிவிக்கணும்ங்கறது லைசென்ஸ் கண்டிஷன். மீறினா ஆயுதச் சட்டம் 30வது பிரிவு, ஆறு மாசம் வரை ஜெயில் இல்ல 2000 ரூபா வரை அபராதம், இல்ல ரெண்டும். அதோட லைசென்ஸ ரத்து பண்ணவும் முடியும், அப்படி ஆனா வேலையே போச்சு. ஓனர் கோவத்துல ஸ்டேஷன்ல ஒரு மனு குடுத்தா போலீஸ் முதல்ல பாக்கறது அந்த புக்கத்தான்.

திருடன் விஷயம். ஐபிசிக்கு பதிலா வந்த புது குற்றச் சட்டம் பிஎன்எஸ், அதுல 34வது பிரிவுலேருந்து 44 வரைக்கும் தற்காப்பு. ராத்திரில பூட்ட உடைச்சு உள்ள வந்தவன் மேல உயிர் போற அளவுக்கு கூட போகலாம்னு சட்டம் இருக்கு, ஆனா தேவைக்கு மேல போகக்கூடாது. பயந்து செவுரு ஏறி ஓடறவன் முதுகுல சுட்டீங்கன்னா அது தற்காப்பு இல்ல, கொலை கேஸ்ல நீங்க நிக்கணும். தெருவுல வானத்த பாத்து சுட்டு மிரட்டறதும் வேண்டவே வேண்டாம்.

அப்புறம் அண்ணா, ஜவ்வாது மலைப்பக்கம் பன்றிக்குன்னு நாட்டுத் துப்பாக்கி வெச்சிருக்கற சொந்தக்காரங்க யாராவது இருந்தா, "உன் லைசென்ஸோட சேத்து வெச்சுக்கோ"ன்னு வந்து நிப்பாங்க, வாங்கிடாதீங்க.

நாளைக்கே லைசென்ஸ் புக்கு, அக்ரிமெண்ட் காப்பி எடுத்துகிட்டு கலெக்டர் ஆபீஸ்ல அட்ரஸ் மாத்த மனு குடுங்க, சத்துவாச்சாரி ஸ்டேஷனுக்கும் ஒரு காப்பி குடுத்து சீல் வாங்கிக்கோங்க. ஊருக்கு போற நாள்ல லைசென்ஸ் உள்ள ஆயுத டீலர்கிட்ட துப்பாக்கிய ஒப்படைச்சு நம்பரோட ரசீது வாங்குங்க. அந்த ரசீதையும் மனு காப்பியையும் ஓனர்கிட்ட ஒரு தடவ காட்டி உக்காந்து பேசுங்க, அவருக்கும் கீழ வீட்ல பேரப்புள்ளைங்க இருப்பாங்க, பயம் நியாயமானது தான். அதுக்கும் ஒத்துக்கலன்னா நோட்டீஸ் நான் போட்டுத் தர்றேன்.