மோட்டு வேலை என்று எழுதலாமா?

கேள்வி: என் மகள் தமிழ்க் கட்டுரையில் "அன்று நான் ஒரு மோட்டு வேலை செய்துவிட்டேன்" என்று எழுதியிருந்தாள். 'மோடன்' (முட்டாள்), 'மோட்டு' (முட்டாள்தனமான) எல்லாம் சிங்களம் என்று கூறி ஆசிரியை அதைச் சிவப்பு மையால் வெட்டிவிட்டார். இது தமிழ் இல்லையா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் மகளின் வசனத்தை வாசித்ததும் என் அம்மம்மாவின் குரல் காதில் கேட்டது. கொட்டாஞ்சேனை வீட்டில் நான் சுளகிலிருந்த அரிசியைத் தட்டிக் கொட்டிவிட்டு அழுதுகொண்டு நிற்க, "மோட்டுப் பிள்ளை, அழாதை" என்று சொல்லியபடியே அவர் நிலத்தில் குந்தியிருந்து ஒவ்வொரு மணியாகப் பொறுக்கினார். அந்தச் சொல்லை அந்நியம் என்று வெட்ட எனக்கு மனம் வராது.

சிங்களத்தில் 'மோடயா' என்ற சொல் இருப்பது உண்மை. ஆசிரியை அதை எண்ணியே வெட்டியிருப்பார். ஆனால் அதுவும் தமிழ்நூல்களில் வழங்கும் 'மூடன்' என்பதும் ஒரே வேரிலிருந்து வந்தவை. வடமொழியில் 'முஹ்' என்னும் வினையடிக்கு மயங்குதல், நிலைதடுமாறுதல் என்று பொருள். மூடம், மோகம் ஆகிய இரண்டும் அதிலிருந்தே பிறந்தமையால், மூடன் என்பவன் முதற்பொருளில் படிப்பில்லாதவன் அல்லன், அறிவு மயங்கி நிற்பவன். மோடன் அந்தக் குடும்பத்துச் சொல்லே. சென்னையில் அது அரிதாக இருக்கலாம்; இங்கு இலங்கையில் அடுப்படி வரை வந்து குடியிருக்கிறது.

அதைவிட முக்கியமாக, அது தமிழ் இலக்கணத்துக்குள் முழுமையாக அடங்கிவிட்டது. காடு 'காட்டுப் பாதை' ஆவதுபோலவும் மாடு 'மாட்டு வண்டி' ஆவதுபோலவும், நன்னூல் சொல்லும் அதே முறையில் டகரம் இரட்டித்து 'மோட்டு வேலை', 'மோட்டுக் கதை', 'மோட்டுத்தனம்' என்று நிற்கிறது. இரவல் சொல்லாகவே இருந்தாலும் இவ்வளவு பழகிய சொல்லை வெளியே நிறுத்துவது நியாயமன்று. (பட்டினப்பாலையின் 'மோட்டெருமை'யை மட்டும் சான்றாகக் கொண்டுபோகாதீர்கள், அங்கே மோடு என்பது உடலின் பருமையைக் குறிக்கும் வேறு சொல்.)

பரீட்சைத் தாளில் 'அறியாமை', 'பேதைமை' என்று எழுதட்டும். பின்னதற்குத் திருக்குறளில் 84ஆம் அதிகாரமே இருக்கிறது. ஆனால் தன் அனுபவத்தைத் தன் வாயால் சொல்லும் கட்டுரையில் 'மோட்டு வேலை' இருக்கலாம். அவள் தன்னை மோட்டுப் பிள்ளை என்று பழிக்கவில்லை, செய்த வேலையைத்தான் சொன்னாள் என்பதையும் ஆசிரியையிடம் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள்.