கணவருக்கு விறைப்புக் குறைபாட்டுக்குச் சிகிச்சை நடக்கும்போது தம்பதிகள் நெருக்கத்தைக் காப்பாற்றுவது எப்படி?

மார்த்தாண்டம் பக்கம் சின்ன ஊர் எங்களுடையது. அதனால் பெயர் போடாமல் எழுதுகிறேன்.

கணவருக்கு 46 வயது, ரப்பர் பால்வெட்டு வேலை, 9 வருடமாகச் சுகர். இந்தப் பிரச்சினை தொடங்கியதும் என்னிடம் மூச்சு விடவில்லை. லாட்ஜில் முகாம் போடும் ஒரு வைத்தியரிடம் 7,000 ரூபாய்க்கு லேகியம் வாங்கிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. பணம்கூடப் போகட்டும். அந்த ஐந்து மாதமும் தோளில் கை போடுவதைக்கூட விட்டுவிட்டார். என்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்று நான் உள்ளுக்குள் அழுதேன். அவரோ, தொட்டால் அடுத்தது வேண்டுமே, முடியாமல் போனால் என்ன செய்வது என்று பயந்திருக்கிறார்.

அப்புறம் நாகர்கோவிலில் டாக்டரைப் பார்த்தோம். சுகர் ரத்தக்குழாயையும் நரம்பையும் கெடுத்திருக்கலாம் என்றார். ரத்தக்குழாய் அடைப்பு இதயத்தில் தெரிவதற்கு முன்பே இப்படி வெளிப்படலாம் என்று இதயத்தையும் சோதித்தார். விறைப்பு வர உதவும் சில்டெனாஃபில் மாத்திரை 50 மில்லிகிராம் எழுதிக்கொடுத்தார்.

மாத்திரை போட்ட முதல் இரண்டு தடவையும் சரியாக வரவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, "நீ வேற ஆளைக் கட்டியிருக்கலாம்" என்றார். "நீங்க என்னத் தொடாம இருக்கதுதான் எனக்கு வேதனை, அதச் சொல்லியாச்சுல்லா" என்றேன்.

அன்று பேசி ஒரு முடிவெடுத்தோம். ஒரு மாதம் உடலுறவுக்கு முயற்சியே இல்லை, தொடுவது மட்டும். பாலியல் சிகிச்சையிலேயே இப்படி ஒரு முறை உண்டு என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரவில் வேண்டாம் என்றும் வைத்துக்கொண்டோம், விடியற்காலம் மூன்று மணிக்கு எழும்புகிற மனிதர். பால் எடுத்துவிட்டு வந்தால் விரலெல்லாம் ரப்பர் காய்ந்து ஒட்டியிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து அதை ஒவ்வொன்றாக உரித்து, தேங்காய் எண்ணெய் தேய்த்து விடுவேன். கத்தி பிடித்துக் காய்த்துப்போன உள்ளங்கை. மூன்றாவது வாரம் அந்தக் கை தானாக என் கன்னத்துக்கு வந்தது. அந்த நாளை நான் மறக்க மாட்டேன்.

விறைப்பு இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை என்று நினைக்காதீர்கள். கையாலும் வாயாலும் மனைவிக்கு நிறைவு கொடுக்க முடியும். முழு விறைப்பு இல்லாமலே ஆணுக்கும் உச்சம் வரலாம். இதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு இருபது வருடக் கல்யாண வாழ்க்கை தேவைப்பட்டது.

மாத்திரை ஏன் வேலை செய்யவில்லை என்பதும் பிறகுதான் புரிந்தது. பரோட்டாவும் மாட்டுக்கறியும் வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு போட்டிருக்கிறார். கொழுப்புச் சாப்பாடு அதைத் தாமதப்படுத்தும். உறவுக்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், கிளர்ச்சியும் வேண்டும், சும்மா படுத்திருந்தால் எழும்பாது. சில தடவை பார்த்த பிறகுதான் அளவை மாற்றுவார்கள். இப்போது மழை பெய்து வெட்டு இல்லாத காலைகள் எங்களுக்கு. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருப்பார்கள். சில நாள் நடக்கும், சில நாள் நடக்காது. நடக்காத நாளும் அவர் எழுந்து போவதில்லை.

டாக்டரிடம் நீங்களும் கூடப் போங்கள். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் சில்டெனாஃபில் தொடவே கூடாது, பிரஷர் ஆபத்தாக இறங்கிவிடும். நான்கு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு தணியாவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரண்டையும் டாக்டரிடம் கேட்டது நான்தான். கணவர் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.