மாத்திரை முடியும் முன்னே சாட்சி

ஐயாவுக்கு ஸ்தோத்திரம்.

நாங்கள் வியாசர்பாடி. ஞாயிறு சிஎஸ்ஐ ஆராதனை, வெள்ளிக்கிழமை வேறொரு சபையில் உபவாச ஜெபம் என்று போகிற குடும்பம். தம்பிக்கு டிபி. இரண்டு மாதமாக மாத்திரை சாப்பிடுகிறான். இருமல் நின்றுவிட்டது, எடையும் ஏறியிருக்கிறது. போன வெள்ளி அப்பா எழுந்து சாட்சி சொன்னார். எனக்குக் கல்யாணம் நிச்சயமானதையும், தம்பிக்குக் கர்த்தர் பூரண சுகம் தந்ததையும் சேர்த்துச் சொல்லிக் காணிக்கை வைத்தார். தம்பி அதுவரை நண்பர்களிடம்கூடச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும், “சுகமாயிடுச்சுன்னு சொல்லிட்டீங்கல்ல, இனிமே மாத்திரை எதுக்கு?” என்று அட்டையைப் பரணில் வீசிவிட்டான். சாட்சி சொன்ன பிறகு மாத்திரை போடுவது அவிசுவாசமோ என்று அம்மாவும் குழம்புகிறார். அப்பா செய்தது தப்பா? வீட்டு விஷயத்தைச் சபையில் எவ்வளவு சொல்லலாம்?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள சகோதரிக்கு,

கல்யாணத்துக்கு வாழ்த்துகள். முதலில் பரணிலிருந்து அந்த அட்டையை இறக்குங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.

சாதாரண டிபிக்கு 6 மாதச் சிகிச்சை. முதல் 2 மாதம் நான்கு மருந்து, அடுத்த 4 மாதம் மூன்று. முதல் கட்டத்திலேயே பெரும்பாலான கிருமிகள் செத்துவிடும், இருமல் நின்றுவிடும், பசி எடுக்கும். ஆள் தேறிவிட்டதாகத் தோன்றுவது இப்போதுதான். மிச்சக் கிருமிகள் உள்ளே பதுங்கியிருக்கும். இங்கே நிறுத்தினால் நோய் திரும்பும். சில சமயம் அதே மருந்துக்கு அடங்காமலும் திரும்பும். எத்தனை நாள் விட்டுப்போனது என்பதை மாத்திரை தரும் இடத்தில் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் படுக்காமல் வீட்டிலிருந்தே ஒழுங்காக மருந்து சாப்பிட்டு டிபியை வெல்லலாம் என்று 1950களில் காட்டிய ஆய்வு இதே சென்னையில்தான் நடந்தது. ஏழைக் குடும்பங்கள்தான் அதைச் செய்து காட்டின.

அம்மாவுக்கு எசேக்கியா ராஜாவின் கதையை வாசித்துக் காட்டுங்கள், இரண்டாம் இராஜாக்கள் 20ஆம் அதிகாரம். 15 வருஷம் ஆயுசு கூட்டித் தருவதாகக் கர்த்தர் வாக்குக் கொடுத்துவிட்டார். அதைக் கொண்டுவந்த ஏசாயாவே அடுத்து என்ன சொன்னார்? அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து புண்ணின்மேல் போடுங்கள் என்றார். வாக்கு வந்த பிறகுதான் மருந்தே வருகிறது. தீர்க்கதரிசிக்கு அவிசுவாசமாகத் தெரியாதது நமக்கு ஏன் தெரிய வேண்டும்?

அப்பாவை ரொம்பக் கடியாதீர்கள். மகளுக்கு நல்ல காரியம், மகன் முகத்தில் சதை பிடித்திருக்கிறது, மனுஷர் நிறைந்துபோய் எழுந்திருப்பார். நம் பக்கம் ஒரு வீட்டில் கஷ்டம் என்றால் சபை ஜனம்தான் முதலில் வந்து நிற்கும். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் பிளாஸ்கும் தூக்குவாளியுமாகப் படியேறும் அக்காக்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சொன்னதால் வந்த சோறு அது. அதனால் வாயை மூடிக்கொண்டிருங்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

எனக்கு உறுத்துவது இரண்டு. ஒன்று, நம் ஜெபக்கூட்டங்களில் நோய்ச் செய்திக்கு முடிவு இருந்தாக வேண்டும், அதுவும் ஜெயமாக. பாதியில் இருப்பவனுக்கு அங்கே இடமில்லை. பவுல் அப்படி எழுதவில்லை. கூட ஊழியம் செய்த துரோப்பீமுவை வியாதியோடு மிலேத்து ஊரில் விட்டுவந்தேன் என்று தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார், அவ்வளவுதான். பிறகு குணமானாரா என்று கடிதத்தில் இல்லை. சபைகள் அதையும்தான் இன்றுவரை வாசிக்கின்றன.

இரண்டாவது, உடம்பு தம்பியுடையது. பவுல் பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தில், அந்த ஊர்ச் சபை அவரிடம் அனுப்பிய எப்பாப்பிரோதீத்து வருகிறார். சாகக் கிடந்து பிழைத்தவர். தான் வியாதிப்பட்டது ஊருக்குத் தெரிந்துவிட்டதே என்றுதான் அவருக்கு வியாகுலம். அதைப் பவுல் அவிசுவாசம் என்று திட்டவில்லை, அவரையே ஊருக்கு அனுப்பிவைக்கிறார். சபையில் வாசிக்கும் உங்கள் கல்யாண அறிவிப்பு ஓலையைக்கூட உங்களையும் மாப்பிள்ளையையும் கேட்காமல் போதகர் மூன்று ஞாயிறு வாசிக்கமாட்டார். இருபது வயசுப் பையனின் நுரையீரலுக்கு மட்டும் அந்த மரியாதை வேண்டாமா? (வாட்ஸ்அப் ஜெபக் குழுவில் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் போட்டோ பிடித்துப் போடுகிறவர்களுக்கும் சேர்த்துத்தான். நாலு ‘ஆமென்’ வரும். மறுநாள் கொருக்குப்பேட்டையிலிருந்து யாரோ ஓர் அக்கா போன் போட்டுப் பத்தியம் சொல்வார்.)

சரி, இப்போது என்ன செய்வது? அப்பா தம்பியிடம் தனியாகப் பேசட்டும். உன்னைக் கேட்டிருக்கணும்டா என்றால் போதும், பிரசங்கம் வேண்டாம். தம்பி சம்மதித்தால் வரும் வெள்ளி ஒரே வரி: “பையன் தேறிவருகிறான், இன்னும் நாலு மாதம் மாத்திரை இருக்கிறது, ஜெபித்துக்கொள்ளுங்கள்.” சம்மதிக்காவிட்டால் அதுவும் வேண்டாம். மாப்பிள்ளை வீட்டில் கேட்டால் மழுப்பாதீர்கள். டிபி பரம்பரை நோயில்லை, குணமாகிற நோய், சிகிச்சை நடக்கிறது என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.

சிகிச்சை முடிந்து டாக்டர் போதும் என்று சொன்ன பிறகு, விருப்பமிருந்தால் தம்பியே எழுந்து சாட்சி சொல்லட்டும். பேச வராது என்றால் ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரில் பணத்தை வைத்துப் போடட்டும். கவரில் பெயர் எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை.